வலையைக் கண்ட பறவை

இந்த வாரத் தியானம்
தியானப் பகுதி: நீதிமொழிகள் 1:10-19, 13:11





நீதிமொழிகளின் முதல் அதிகாரத்தில் ஒரு தகப்பன் தன் மகனோடு பேசுகிறார். சிலர் உன்னைத் தேடி வருவார்கள், வீடு நிறையப் பொருள் சேரும் என்பார்கள், எல்லாருக்கும் பணப்பை ஒன்றே என்று ஆசை காட்டுவார்கள், அவர்களோடு போகாதே என்று எச்சரிக்கிறார். அந்த எச்சரிப்பின் நடுவே ஒரு பறவையும் ஒரு வலையும் வருகின்றன. பறவை பார்த்துக்கொண்டிருக்கும்போது வலை விரிக்கிறவனுடைய உழைப்பு பயனற்றுப் போகும் என்பது அவ்வசனத்தின் பொருள் (நீதி. 1:17). வலையைக் கண்டுகொண்ட பறவை அதில் இறங்குவதில்லை. ஆகவே இந்த வாரம் ஒரு வலையை விரித்து, அதன் கண்ணிகளை ஒவ்வொன்றாக உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன். ஸ்லாட் மெஷின் என்று அழைக்கப்படும் சூதாட்ட இயந்திரமே அந்த வலை.

திருநின்றவூரில் இருந்துகொண்டு இதைப்பற்றி ஏன் எழுத வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். நம் ஊர்க் கடைத்தெருவில் அப்படிப்பட்ட இயந்திரம் எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் கேசினோ என்னும் சூதாட்டக் கூடமும் இல்லை. ஆயினும் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் காக்களூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் வேலைக்குப் போய்வரும் நம் பிள்ளைகளின் சட்டைப்பையில் கைப்பேசி இருக்கிறது. இரவு ஷிப்ட் முடிந்து மின்சார ரயிலில் அமர்ந்திருக்கும் அந்த முக்கால் மணி நேரத்தில், சுழலும் சக்கரங்களும் மின்னும் பழங்களும் அந்தச் சிறு திரையில் அவர்களை அழைக்கின்றன. அப்பிள்ளைகளில் சிலர் மனதில் இருக்கும் கேள்வி இதுதான்: “எந்த இயந்திரத்தைத் தெரிந்துகொண்டால் ஜெயிக்கலாம்?”

அக்கேள்வியைக் கடிந்து தள்ளிவிட நான் விரும்பவில்லை. கேட்டவனுக்கு உண்மையான பதில் கிடைக்க வேண்டும். முதலில் இயந்திரம் வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம். அதன்பின் வேதத்தின் வெளிச்சத்தில் நம்மை நாமே நிதானித்துப் பார்ப்போம்.

மூன்று சக்கரங்களின் கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் சார்லஸ் ஃபே என்ற தொழில்வல்லுநர் ஓர் இயந்திரத்தைச் செய்தார். அதற்கு ‘லிபர்ட்டி பெல்’, அதாவது விடுதலை மணி, என்று பெயர். மூன்று சக்கரங்கள், ஒவ்வொன்றிலும் லாடம், வைரம், இதயம், மணி முதலிய உருவங்கள். நாணயத்தைப் போட்டுப் பக்கவாட்டிலுள்ள கைப்பிடியை இழுத்தால் சக்கரங்கள் சுழன்று நிற்கும். மூன்று மணிகளும் ஒரே வரிசையில் நின்றால் பெரிய பரிசு. ஒரு சக்கரத்தில் பத்து இடங்கள் என்றால், மூன்று சக்கரங்களும் சேர்ந்து ஆயிரம் விதமாக நிற்க முடியும். அந்த ஆயிரத்தில் எத்தனை வகைக்கு எவ்வளவு பரிசு என்பதைச் செய்தவரே தீர்மானித்தார். ஆயிரம் முறை விழும் நாணயங்களைவிடத் திரும்ப வரும் நாணயங்கள் குறைவாக இருக்குமாறு அவர் அமைத்தார். அந்தக் கைப்பிடியைப் பார்த்தே பிற்காலத்தவர் அதை ‘ஒற்றைக்கைக் கொள்ளையன்’ என்று அழைத்தார்கள்.

விடுதலை என்னும் பெயரை எப்படிப்பட்ட பொருளுக்குச் சூட்டினார்கள் என்பதைக் கவனியுங்கள். அடிமைத்தனம் தன் சொந்தப் பெயரில் வருவதில்லை.

அந்தப் பழைய இயந்திரத்தில் ஒரு நேர்மையாவது இருந்தது. சக்கரத்தில் எத்தனை உருவங்கள் இருந்தனவோ, அத்தனையே கணக்கிலும் இருந்தன. கணினி உள்ளே புகுந்தபின் அதுவும் போயிற்று. 1984ஆம் ஆண்டு டெல்நேஸ் என்ற கணினி வல்லுநருக்கு அமெரிக்காவில் ஒரு காப்புரிமை வழங்கப்பட்டது. அதன்படி சக்கரம் எங்கே நிற்க வேண்டும் என்பதை, குறிப்பின்றி எண்களைப் பிறப்பிக்கும் ஒரு கணினி நிரல் தீர்மானிக்கும். நாம் காணும் சக்கரம் அந்தத் தீர்ப்பைக் காட்டும் வெறும் முகம்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். கண்ணுக்குத் தெரியும் சக்கரத்தில் 22 இடங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று சக்கரங்களுக்கு 10,648 வகைகள். பார்க்கிறவன் மனம் இந்தக் கணக்கையே போடும். ஆனால் கணினிக்குள் இருக்கும் மறைவான சக்கரத்தில் 64 இடங்கள் இருக்கலாம். அப்போது வகைகள் 2,62,144. பெரிய பரிசுக்குரிய உருவத்துக்கு அந்த 64இல் ஓர் இடம் மட்டும் கொடுத்து, அதற்கு மேலும் கீழும் உள்ள வெற்றிடங்களுக்குப் பல இடங்களைக் கொடுத்துவிடலாம். விளைவு என்ன? பரிசு உருவம் கோட்டுக்குச் சற்று மேலே அல்லது சற்றுக் கீழே வந்து நிற்கும் காட்சி அடிக்கடி நேரிடும். ஆடுகிறவன் “இழையில் தவறிவிட்டது, அடுத்தமுறை வந்துவிடும்” என்று நினைக்கிறான். உண்மையில் எதுவும் இழையில் தவறவில்லை. அந்தக் காட்சி அடிக்கடி தோன்றும்படியே இயந்திரம் அமைக்கப்பட்டிருக்கிறது.

எந்த இயந்திரத்தைத் தெரிந்துகொள்வது?

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கும் வழி என்று சொல்லப்படுகிறவை பல. ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்ப்போம்.

நெடுநேரம் பரிசு தராத இயந்திரம் இனிமேல் தந்தே ஆகவேண்டும் என்பார்கள். அது உண்மையல்ல. எண்களைப் பிறப்பிக்கும் நிரலுக்கு ஞாபகம் இல்லை. நூறு முறை தோற்றவனுக்கும் இப்போது வந்து அமர்ந்தவனுக்கும் அடுத்த சுழற்சியில் வாய்ப்பு ஒன்றே.

இப்போதுதான் பரிசு தந்தது, ஆகவே ‘சூடாக’ இருக்கிறது என்பார்கள். அதுவும் உண்மையல்ல, காரணம் அதேதான்.

விடியற்காலையில் ஆடு, கூட்டமில்லாத நேரத்தில் ஆடு, மெதுவாக அழுத்து, வேகமாக அழுத்து என்பார்கள். நொடிக்குள் எண்ணற்ற முறை மாறிக்கொண்டிருக்கும் எண்ணை எந்த விரலாலும் குறிவைத்துப் பிடிக்க முடியாது.

ஆடுகிறவருக்குத் திரும்பிவரும் விழுக்காடு கூடுதலாக உள்ளதைத் தேர்ந்தெடு என்பார்கள். இதில் மட்டும் ஓர் உண்மை உண்டு. ஓர் இயந்திரம் போடும் பணத்தில் 95 விழுக்காட்டைத் திருப்பித் தருமாறும், இன்னொன்று 88 விழுக்காட்டைத் தருமாறும் அமைக்கப்படலாம். அமெரிக்காவின் நெவாடா மாநில விதி 75 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது என்கிறது. ஆனால் இந்த வேறுபாடு, பணம் எவ்வளவு வேகமாகப் போகும் என்பதில் உள்ள வேறுபாடு மாத்திரமே. போகாத இயந்திரம் ஒன்றும் விற்பனைக்கு வருவதில்லை.

கைப்பேசியில் சட்டத்துக்குப் புறம்பாக வரும் செயலிகளிலோ அந்த விழுக்காடும் வெறும் வார்த்தைதான். அதைச் சோதித்துப் பார்க்கும் அதிகாரி எவரும் இல்லை. முதல் நாள் சிறு தொகையை வென்றதாகக் காட்டி ஆசையூட்டி, பின்பு பெருந்தொகை வென்றதாகக் காட்டி, அதை எடுக்க முயலும்போது ‘வரி கட்டு, கட்டணம் கட்டு’ என்று மேலும் பறிக்கும் மோசடிகளும் உண்டு.

ஆகவே என் பதில் இதுவே: தெரிந்துகொள்ளத் தக்க இயந்திரம் ஒன்றும் இல்லை. தேர்ந்தெடுக்கும் உரிமை, முதல் பொத்தானை அழுத்துவதற்கு முன்னே நம் கையில் இருக்கிறது. அழுத்தியபின், தெரிந்துகொள்கிறவர் இயந்திரத்தை அமைத்தவரே.

ஐந்து விழுக்காடு செய்யும் வேலை

“நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து திரும்ப வருகிறதென்றால் நட்டம் ஐந்துதானே?” என்று ஒருவர் கேட்கலாம். இங்கேதான் வலை கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

ஒரு சுழற்சிக்குப் பத்து ரூபாய். நிமிடத்துக்குப் பத்துச் சுழற்சி. ஒரு மணி நேரத்தில் 600 சுழற்சி; அதாவது 6,000 ரூபாய் இயந்திரத்தின் வழியாகப் போய் வருகிறது. அதில் ஐந்து விழுக்காடு 300 ரூபாய். மாதம் 18,000 ரூபாய் சம்பளமும் 26 வேலைநாளும் உள்ள ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒரு நாள் கூலி ஏறத்தாழ 690 ரூபாய். இரண்டரை மணி நேர விளையாட்டில் சராசரியாக 750 ரூபாய் போய்விடும். எட்டு மணி நேரம் நின்று உழைத்துச் சேர்த்ததை, உட்கார்ந்த இடத்தில் இரண்டரை மணி நேரத்தில் இழப்பதென்பது இதுதான்.

வேறொரு விதமாகவும் பாருங்கள். ஆயிரம் ரூபாயைப் போட்டு, திரும்பி வந்ததை மறுபடியும் போட்டு, அதில் வந்ததையும் மறுபடியும் போடுகிறவனுக்கு, சராசரிக் கணக்கின்படி பதினான்காம் சுற்றில் 500 ரூபாய்க்கும் குறைவே மிஞ்சும். நாற்பத்தைந்தாம் சுற்றில் நூறு ரூபாயும் மிஞ்சாது. ஒருவன் இடையில் பெரிதாக வெல்லலாம், அது நடப்பதுதான். ஆனால் வென்றவன் எழுந்து போவதில்லை. வென்றதையும் போடுகிறான். திருவள்ளுவர் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தவர். அதன் முதற்குறளிலேயே, சூதில் கிடைக்கும் வெற்றியை மீன் விழுங்கிய தூண்டில் முள்ளுக்கு ஒப்பிடுகிறார். நம் முன்னோர் தோல்வியைக் காட்டிலும் வெற்றிக்கே அதிகமாக அஞ்சினார்கள். அவர்கள் அஞ்சியதற்கு நியாயம் இருந்தது.

மனதைப் பிடிக்கும் கண்ணிகள்

பணத்தைவிட ஆழமான இடத்தையும் இவ்வியந்திரம் தொடுகிறது. புதிய இயந்திரங்களில் ஒரே சுழற்சியில் இருபது வரிசைகளுக்குப் பந்தயம் கட்டலாம். வரிசைக்கு ஒரு ரூபாய் வீதம் இருபது ரூபாய் போட்டவனுக்கு ஒரு வரிசையில் எட்டு ரூபாய் விழுகிறது. உடனே விளக்குகள் மின்னுகின்றன, இசை ஒலிக்கிறது, வாழ்த்து எழுத்துகள் திரையில் பாய்கின்றன. அவன் இழந்தது பன்னிரண்டு ரூபாய். அவனுக்குச் சொல்லப்பட்டது வெற்றி. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை வெற்றியாக வேடமிட்ட தோல்வி என்று விளக்கினார்கள். பொய்க்குப் பிதாவானவனைப்பற்றி நம் ஆண்டவர் சொன்னதை (யோவான் 8:44) நினைத்துப் பார்க்க வேண்டிய இடம் இது.

எப்போது வரும் என்று தெரியாத பரிசுக்கு உயிரினங்கள் எப்படி அடிமையாகின்றன என்பதை பி. எஃப். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்துச் சோதித்தார். ஒவ்வொரு கொத்துக்கும் தீனி கிடைத்தால் புறா பசி தீர்ந்ததும் நிறுத்திவிடும். எத்தனையாவது கொத்தில் கிடைக்கும் என்று தெரியாதபோது ஓயாமல் கொத்திக்கொண்டே இருக்கும். சூதாட்ட இயந்திரம் இதே முறையில்தான் மனிதனைப் பிடிக்கிறது என்று அவரே எழுதியிருக்கிறார்.

லாஸ் வேகாஸ் நகரத்துச் சூதாடிகளிடையே பல ஆண்டுகள் ஆய்வு செய்த மானிடவியலாளர் நடாஷா டௌ ஷூல், 2012ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதைவிடத் துயரமான ஒன்றைப் பதிவுசெய்கிறார். இயந்திரத்துக்கு முற்றும் அடிமையானவர்கள் வெல்வதற்காக ஆடுவதில்லை; ஆடிக்கொண்டே இருப்பதற்காக ஆடுகிறார்கள். நேரமும் கவலையும் உடலும் மறந்துபோகும் ஒரு மயக்கநிலையே அவர்கள் நாடுவது.

அன்பானவர்களே, இதை நாம் எளிதாகக் கடந்துபோகக் கூடாது. பன்னிரண்டு மணி நேர உழைப்புக்குப் பின் உடல் வலியோடும் கடன் நினைவோடும் வீடு திரும்பும் ஒரு மனிதன் மறதியைத் தேடுகிறான். பேராசை என்று நாம் பெயரிடுவது பலவேளை களைப்பின் இன்னொரு முகம். வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களுக்கு இளைப்பாறுதல் தருவதாகச் சொன்னவர் நம் ஆண்டவர் (மத்தேயு 11:28). அந்த இளைப்பாறுதலின் கள்ள நகலையே இயந்திரம் விற்கிறது. நம் சகோதரன் அந்த நகலை வாங்கும்போது, மெய்யானதை அவனுக்குக் கொடுக்க நாம் எங்கே இருந்தோம் என்ற கேள்வியும் எழவேண்டும்.

சட்டத்தின் வேலியும் அதன் எல்லையும்

நம் மாநிலம் இவ்விஷயத்தில் கண்மூடி இருக்கவில்லை. 1930ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் நெடுங்காலமாக நடைமுறையில் உள்ளது. 2003ஆம் ஆண்டு லாட்டரிச் சீட்டு விற்பனை தடைசெய்யப்பட்டது. அந்தச் சீட்டில் கூலியைத் தொலைத்த குடும்பங்களை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். இணையவழிச் சூதாட்டத்தால் தற்கொலைகள் நேரிட்டபோது, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் 2022ஆம் ஆண்டு குழு அமைக்கப்பட்டு, தடைச்சட்டமும் இயற்றப்பட்டது. அது 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை சார்ந்தவை என்று கூறி அவற்றை அத்தடையிலிருந்து விலக்கியது. ஆனால் அதிர்ஷ்டத்தை மட்டுமே சார்ந்த ஆட்டங்களுக்கான தடையை நிலைநிறுத்தியது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு இயற்றிய சட்டமோ, திறமை, அதிர்ஷ்டம் என்ற வேறுபாடின்றி இணையவழிப் பணவிளையாட்டுகள் அனைத்தையும் தடைசெய்கிறது. நடத்துகிறவர்களுக்கும் விளம்பரம் செய்கிறவர்களுக்கும் தண்டனை உண்டு. ஆடுகிறவரை அது குற்றவாளியாக்கவில்லை. இது நல்ல நியாயம்.

ஆனாலும் வேலிக்கு எல்லை உண்டு. கோவா மாநிலத்தில் 1992ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்துக்குப்பின் நட்சத்திர விடுதிகளில் இவ்வியந்திரங்கள் வந்தன. பின்பு மாண்டவி ஆற்றின் கப்பல்களிலும் சூதாட்டக் கூடங்கள் மிதந்தன. சிக்கிமிலும் அனுமதி உண்டு. நம் பிள்ளைகள் வேலை தேடிப் போகும் சிங்கப்பூரில் 2010ஆம் ஆண்டு இரண்டு கூடங்கள் திறக்கப்பட்டன. அந்நாட்டு அரசு தன் குடிமக்கள் உள்ளே நுழைய, நாளொன்றுக்கு 150 சிங்கப்பூர் டாலர் கட்டணம் விதித்திருக்கிறது. வெளிநாட்டவருக்குக் கட்டணம் இல்லை. தன் பிள்ளைகளைத் தடுக்கும் வாசலில் பிறர் பிள்ளைகள் இலவசமாக நுழையலாம் என்பதன் பொருளை, அங்கே உழைக்கும் நம் சகோதரர்கள் சிந்திக்கவேண்டும். தங்களை உள்ளே அனுமதிக்க வேண்டாம் என்று தாங்களே எழுதிக்கொடுக்கும் ஏற்பாடும் அங்கே உண்டு. வெளிநாட்டுத் தளங்கள் வழியாக வரும் செயலிகளையோ வேலி முழுமையாகத் தடுப்பதில்லை. ஆகவே சட்டம் நிற்கும் இடத்துக்கு அப்பால் மனச்சாட்சி நிற்க வேண்டியிருக்கிறது.

வேதத்தில் சீட்டுப் போடவில்லையா?

சிலர் வேதத்தைக் கொண்டே வாதிடுவார்கள். யோசுவா சீலோவில் சீட்டுப் போட்டு நிலத்தைப் பங்கிட்டார் (யோசுவா 18:10). யோனாவின்மேல் சீட்டு விழுந்தது (யோனா 1:7). மத்தியாவை அப்போஸ்தலர்கள் சீட்டினாலேயே தெரிந்துகொண்டார்கள் (அப். 1:26). சீட்டின் முடிவு கர்த்தரால் வரும் என்று சாலொமோனும் சொல்கிறார் (நீதி. 16:33). அப்படியானால் சூதாட்டம் மாத்திரம் எப்படித் தவறாகும் என்கிறார்கள்.

நிதானித்துப் பாருங்கள். சீலோவில் சீட்டு விழுந்தபோது எவனும் தன் பங்கை இழக்கவில்லை. பட்சபாதம் இல்லாமல் எல்லாருக்கும் கொடுக்கும்படியாகவே சீட்டுப் போடப்பட்டது. பிறன் பொருளை எடுத்துக்கொள்ளும்படி சீட்டுப் போட்ட காட்சி சுவிசேஷத்தில் ஒன்று உண்டு. சிலுவையின் அடியில் அமர்ந்திருந்த போர்ச்சேவகர்கள், தையலில்லாத அங்கிக்காகச் சீட்டுப் போட்டார்கள் (யோவான் 19:23-24). தலைக்கு மேலே ஒருவர் மரித்துக்கொண்டிருந்தார். அவர்கள் கண்கள் கீழே சீட்டின்மேல் இருந்தன. சூதாட்டத்தைப்பற்றி வேதம் தரும் தெளிவான சித்திரம் அதுவே என்று நான் கருதுகிறேன்: அருகில் ஒருவர் படும் பாடு கண்ணில் படாமல், அவருடைய உடைமையின்மேல் மட்டும் கண் பதிந்திருப்பது.

இயந்திரம் தரும் பெரிய பரிசு எங்கிருந்து வருகிறது? அது பூமியில் விளைந்ததல்ல; எவர் கையும் செய்ததல்ல. நமக்கு முன்னே அமர்ந்து தோற்றுப்போன நூற்றுக்கணக்கானோரின் கூலியில், கூடத்தின் உடைமைக்காரர் தம் பங்கை எடுத்ததுபோக மிஞ்சியதே அந்தப் பரிசு. வென்றவனுடைய கையில் இருப்பது இன்னொரு வீட்டுப் பிள்ளையின் பள்ளிக்கட்டணம். பிறனுடையதை இச்சியாதே என்ற பத்தாம் கட்டளை இங்கே மீறப்படுகிறது. எதிரில் முகம் தெரியாததால் மனம் உறுத்துவதில்லை.

ஜெபித்துவிட்டுப் பொத்தானை அழுத்துகிறவர்களும் உண்டு. “ஜெயித்தால் தசமபாகம் தருகிறேன்” என்று பொருத்தனை செய்கிறவர்களும் உண்டு. தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கும்படி சொல்லப்பட்டபோது, தேவனைப் பரீட்சை பார்க்கலாகாது என்று நம் ஆண்டவர் மறுத்தார் (மத்தேயு 4:5-7). அப்படிப்பட்ட ஜெபத்துக்கு அந்த மறுப்பே பதில். ஏசாயாவின் நாட்களில் ஜனங்கள் காத், மேனி என்னும் அதிர்ஷ்ட தெய்வங்களுக்குப் பந்தி ஆயத்தம்பண்ணினார்கள் (ஏசாயா 65:11). கர்த்தருடைய பெயரைச் சொல்லிக்கொண்டே அதிர்ஷ்டத்துக்குப் பந்தி வைக்க நம்மாலும் முடியும்.

நீதிமொழிகள் 13:11இல் ‘கைப்பாடு’ என்றொரு சொல் வருகிறது. கை படும் பாட்டினால் சேரும் பொருள் பெருகும் என்பது அங்கே சொல்லப்படும் உறுதி. நம் ஊரின் பெயருக்குத் திருமகள் நின்ற ஊர், செல்வம் நிலைத்த ஊர் என்று பெரியோர் பொருள் சொல்வார்கள். செல்வம் நிற்பது ஊரின் பெயரால் ஆகாது. விடியற்காலை ரயிலுக்கு ஓடும் கால்களாலும், இயந்திரக் கூடத்தில் காய்ப்பேறிய கைகளாலும் அது நிற்கிறது. அந்தக் கைகளை அவமதிக்கிறவன், ஒரு விரல் தட்டலில் அதைக்காட்டிலும் அதிகம் பெறலாம் என்று சொல்கிறவன்.

சபைக்கு ஒரு வார்த்தை

இனி நம் வீட்டுக்குள்ளும் பார்ப்போம். அறுப்பின் பண்டிகைகளிலும் விற்பனை விழாக்களிலும் அதிர்ஷ்டக் குலுக்கல் நடத்தும் சபைகள் உண்டு. கட்டட நிதிக்குத்தானே, தொகை சிறிதுதானே என்கிறோம். நோக்கம் நல்லதே. ஆனால் பரிசின்மேல் ஒரு கண் வைத்துக்கொண்டு காணிக்கை கொடுக்கும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்குக் கற்றுத்தருகிறவர்கள் நாமே. இரண்டு காசு போட்ட விதவைக்கு (மாற்கு 12:41-44) எந்தக் குலுக்கலும் தேவைப்படவில்லை. குலுக்கலை விட்டுவிட்டால் நிதி குறையும் என்று அஞ்சுகிறவர்களுக்குச் சொல்வேன்: குறையட்டும். சபையின் சுவர் ஓராண்டு தாமதமாக எழும்பினால் பரலோகத்துக்கு நட்டம் ஒன்றும் இல்லை.

சூதில் வென்ற பணத்தைக் காணிக்கையாகக் கொண்டுவருகிறவரிடம் அதை வாங்கவும் கூடாது. யூதாஸ் எறிந்த வெள்ளிக்காசைக் காணிக்கைப்பெட்டியில் போட பிரதான ஆசாரியர்களே தயங்கினார்கள் (மத்தேயு 27:6). அந்த அளவு தயக்கமாவது நமக்கு வேண்டும். “முதலில் உன் கடனைத் தீர், உன் மனைவியிடம் வாங்கிய நகையை மீட்டுக்கொடு” என்று அன்போடு திருப்பி அனுப்புவதே அவருக்குச் செய்யும் ஊழியம்.

கண்ணியில் அகப்பட்டவருக்கு

இதை வாசிக்கிறவர்களில், ஏற்கெனவே அகப்பட்டவர் ஒருவர் இருக்கலாம். சகோதரனே, சகோதரியே, உங்களோடு சற்றுப் பேச வேண்டும்.

இழந்ததை மீட்க மறுபடியும் ஆடாதீர்கள். கடனின்மேல் கடன் ஏறுவது அந்த ஓர் எண்ணத்தினால்தான். இழந்தது போனதாக இருக்கட்டும். இன்றைக்கே ஒருவரிடம் முழுக்கணக்கையும் சொல்லுங்கள். பாதியை மறைத்துச் சொல்வது பாதி வலையை வைத்துக்கொள்வதாகும். ஒருவருக்கொருவர் அறிக்கையிடும்படி யாக்கோபு சொல்வது சுகம் பெறுவதற்காகவே (யாக்கோபு 5:16). சம்பளக் கணக்கை நம்பிக்கையான ஒருவர் பொறுப்பில் சில மாதங்களுக்கு ஒப்படையுங்கள். செயலிகளை நீக்குங்கள். உடனடிக் கடன் தரும் செயலிகளைத் தொடாதீர்கள். இது மனத்தைப் பிடித்த நோயுமாக இருப்பதால் மருத்துவ உதவி நாடுவது விசுவாசக் குறைவு ஆகாது. மத்திய அரசின் மனநல உதவி எண்ணாகிய 14416ஐக் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம். பணமோசடி நடந்திருந்தால் 1930 என்ற எண்ணில் தாமதமின்றிப் புகார் செய்யுங்கள்.

குடும்பத்தாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கடனை மறைவாக அடைத்துவிட்டு ஒன்றும் நடவாததுபோல் இருந்துவிடாதீர்கள். அது அடுத்த ஆட்டத்துக்குப் போடும் முதலாகிவிடும். அதேவேளை தெருவில் நிறுத்தி அவமானப்படுத்தாதீர்கள். வெட்கத்தால் உயிரை மாய்த்துக்கொள்ள நினைக்கிறவரைத் தனியே விடாதீர்கள். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பது கிறிஸ்துவின் பிரமாணம் (கலாத்தியர் 6:2).

சபையாரே, அப்படிப்பட்ட ஒருவர் ஆராதனையின் கடைசி வரிசையில் வந்து அமரும்போது அவரைப்பற்றி முணுமுணுக்காதிருங்கள். ஆஸ்தியையெல்லாம் அழித்துவிட்டுத் திரும்பிய இளைய மகனுக்குத் தகப்பன் கணக்குக் கேட்கவில்லை. தூரத்தில் கண்டபோதே ஓடினார் (லூக்கா 15:20). நம் ஊரிலிருந்து புறப்படும் முதல் ரயிலில் போய், கடைசி ரயிலில் திரும்பும் ஒவ்வொரு மகனுக்காகவும் மகளுக்காகவும் அந்தத் தகப்பன் இன்றும் காத்திருக்கிறார். அவருடைய வீட்டில் பரிசுக்குக் குலுக்கல் இல்லை. பந்தியில் எல்லாருக்கும் இடம் உண்டு.

சிந்தனைக்கு: களைப்படைந்த வேளையில் என் மனம் இளைப்பாறுதலைத் தேடிப் போகும் இடம் எது? என் வீட்டிலோ சபையிலோ கடனை மறைத்துக்கொண்டு தவிக்கிறவர் என்னிடம் பேசும்படி நான் வாசலைத் திறந்துவைத்திருக்கிறேனா?

ஜெபம்: அன்பின் பரம பிதாவே, எங்கள் கைகளின் உழைப்பை ஆசீர்வதியும். பிறர் கண்ணீரில் சேரும் பொருளை நாங்கள் நாடாதபடி காத்தருளும். வலையில் அகப்பட்டுத் தவிக்கும் எங்கள் சகோதர சகோதரிகளை விடுவியும். அவர்களைத் தாங்கும் பொறுமையையும் அன்பையும் எங்களுக்குத் தாரும். எங்கள் இரட்சகராகிய இயேசுகிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.

தேவனுடைய சமாதானம் இந்த வாரம் முழுவதும் உங்கள் வீடுகளில் தங்கியிருப்பதாக.